வட்டங்களுக்கு நடுவே மிஞ்சியது

நகக்கண்ணில் இருந்த நீலம் போகவில்லை. அவள் மறுபடியும் சோப்பைத் தொட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கணவரின் வலது கட்டைவிரலைத் தேய்த்தாள். தகட்டில் கீறும் கோடு பளிச்சென்று தெரிவதற்காக முதலில் பூசுகிற மை அது. நேற்று மத்தியானம் பட்டறையில், முக்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். நேற்றைய மை விரலில் அப்படியே இருந்தது.

“விடும்மா, தோலு உரிஞ்சிடப் போகுது,” என்றாள் நாத்தனார். அவருடைய அக்கா. “கை கழுவிக்கிட்டு ஆபீசுக்கா போகப் போறான்?”

அவள் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த நீலத்தோடு அவளுக்குச் சண்டை. துண்டில், தலையணை உறையில், கதவோரத்தில் எல்லாம் இருக்கும். இன்றைக்காவது அது இல்லாமல் அவரை அனுப்ப வேண்டும். யாராவது கேட்டிருந்தால் சுத்தத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் சுத்தம் மட்டும் காரணமில்லை. அதே நீலம் இன்னொருத்தியின் கட்டைவிரலிலும் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த இன்னொருத்தியைப் பட்டறையில் அரையங்குலம் என்று கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் அவர்தான். அது இரும்புத் தகட்டில் பீப்பாய் செய்கிற பட்டறை. தகட்டை உருளையாக வளைத்துப் பற்றவைத்து, மேலும் கீழும் வட்ட மூடி வைத்து, விளிம்பை மடக்கி இறுக்குவார்கள். உருளைக்கு வெட்டும்போது அதிகம் வீணாவதில்லை. மூடிக்கு வட்டம் வெட்டும்போதுதான் சுற்றிலும் துண்டு துண்டாக விழும். அந்தத் துண்டைக் குறைக்க வழி பார்ப்பது மேஸ்திரியான அவருடைய வேலை. அவர் சொல்கிறபடி தகட்டில் கோடு போடுவது அரையங்குலத்தின் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் அரை அங்குலம் சும்மா கிடக்கிறதே என்று அவள் கேட்டுவிட்டாளாம். அதிலிருந்து அந்தப் பெயர். வட்டங்களை வரிசைக்கு நேர் வரிசையாக வைக்காமல், இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அடுத்த வரிசையின் வட்டம் இறங்கி உட்காருகிற மாதிரி வைத்தால் தகட்டுக்கு ஒரு மூடி கூடுதலாகக் கிடைக்கும். “நாங்க ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சோம்,” என்று அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ‘நாங்க ரெண்டு பேரும்’ என்பது அவளுக்குப் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. வீட்டில் அவளைக் கூப்பிட அவருக்கு ‘இந்தா’வைத் தவிர ஒரு பெயரும் கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலிருந்த தட்டுகளையும் மூடிகளையும் எடுத்துவந்து, தரையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலை மூட அவள் ஒரு மூடியை எடுத்தாள்.

“கலைச்சிட்டியே,” என்றார்.

“என்ன பண்றீங்கன்னு சொன்னா நானும் பாப்பேன்ல?”

அதெல்லாம் உனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்து அரையங்குலத்திடம் பேசினார். தள்ளி, ஓரம், விளிம்பு என்று ஏதேதோ வார்த்தைகள். எல்லாம் அவளுக்கும் தெரிந்த வார்த்தைகள்தான், ஆனால் பேச்சு புரியவில்லை. அவர் போனை வைக்கும்வரை பால் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருக்கலாம். தகட்டைப் பற்றிப் பேசுகிறவரோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

பட்டறை ஆட்கள் பதினோரு மணிவாக்கில் வந்தார்கள். முதலாளி மாலையை வைத்துவிட்டு, வாசலில் வண்டிக்காகப் போனும் கையுமாக நின்ற அவள் மகனிடம் போய்ப் பேசினார். கடைசியாக வந்தவள்தான் அரையங்குலம் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. நினைத்திருந்ததைவிட வயசானவளாக இருந்தாள். காதோரம் நரை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த கட்டைவிரலையும் பார்த்தாள். பிறகு தன் கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோனாள்.

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னார்? தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. நேற்று வேலைக்குக் கிளம்பும்போது அவர் அவளிடம் கேட்டது குடை எங்கே என்பதுதான். வந்தவர்களிடம் அதையா சொல்வது? பட்டறையில் பேசியிருப்பார். யாரிடம் பேசியிருப்பார் என்பதும் தெரியும். அந்த வார்த்தை இந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும், அதை இனி யார் கேட்டாலும் தான்தான் சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

அரையங்குலத்தைக் கண்ணாலேயே சமையலறைக்கு அழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி போட்டுக் கொடுத்திருந்த டீயைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றி நீட்டினாள்.

“இருக்கட்டும்க்கா, ஆறட்டும்,” என்று வாங்கி மேடைமேல் வைத்தாள் அரையங்குலம். “மேஸ்திரி பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. நல்லா ஆறினாத்தான் குடிப்பாரு.”

அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். வீட்டில் அவர் முன்னால் டீ ஆறிப்போகும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் ஊதி ஊதிக் குடித்திருக்கிறார்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

“பெருசா ஒன்னுமில்லக்கா. வேலைப் பேச்சுதான்.”

“அதத்தான் கேக்கறேன்.”

அரையங்குலம் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்காமல் திரும்பவும் போட்டுக்கொண்டாள். “சின்ன பீப்பாய்க்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. மூடி எப்படி வைக்கலாம்னு போட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். ஓரத்துல நெறைய மிஞ்சுச்சு. ‘இதுல ஒரு நாய் படுத்துத் தூங்கலாம் போலிருக்கே’ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் முக்காலில உக்காந்துட்டாரு.”

“அப்புறம்?”

அப்புறம் நடந்ததை அரையங்குலம் மேடைமேலிருந்த டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். அவர் அப்படி உட்காருவது வழக்கம்தான். தகட்டையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பேசினால் மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கும் வட்டமெல்லாம் கலைந்துவிடும் என்பார். பக்கத்தில் டீ இருந்தது. தொடவில்லை. ஆறட்டும் என்று வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டியபடி ஒரு வரிசையை முழுக்கப் போட்டு முடித்தாள். ஓரத்தில் மிஞ்சியது பாதியாகக் குறைந்திருந்தது. அதைக் காட்டத்தான் திரும்பினாள்.

“யோசிக்கிறாருன்னு நெனச்சேன்க்கா.”

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வீட்டிலும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படி உட்காருவார். அவளால் அதை ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடிந்ததில்லை. என்ன யோசனை, உடம்புக்கு என்ன, டீ எடுத்துக்கலையா என்று போய் நிற்பாள். நச்சரிக்காதே என்று எரிந்து விழுவார்.

“நானா இருந்தா கேட்டிருப்பேன்,” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அரையங்குலம் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலில் நீலம் அப்பியிருந்தது.

“ஆமாக்கா. நீங்க கேட்டிருப்பீங்க. வீட்ல நிமிஷத்துக்கு ஒரு கேள்வின்னு சொல்லுவாரு.”

அதை அவர் எப்படிச் சொல்வார், சலித்துக்கொண்டா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. தன் கை ஓங்கிவிட்டது என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாத்தனார் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்.

“நீதான அவன் பக்கத்துல இருந்தவ? என் தம்பி கடைசியா என்னம்மா சொன்னான்?”

பின்னால் நின்றவர்களின் முணுமுணுப்பு அடங்கியது. அரையங்குலம் நாத்தனாரை விட்டு அவளைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் நாய் படுத்துத் தூங்குகிற இடத்தைப் பற்றிச் சொல்லப்போகிறாள். நாளைக்கு ஊரெல்லாம் அதைச் சொல்லும். அவர் யாரிடம் அதைச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

“வீட்டுக்குச் சீக்கிரம் கெளம்பணும்னு சொன்னாராம்,” என்று முந்திக்கொண்டாள் அவள். “நான் தனியா இருப்பேன்னு.”

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தன் குரல் யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல் கேட்டது.

நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. கூட இருந்தவளின் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும் போலிருந்தது. “அப்படியா சொன்னான்?”

குழாயிலிருந்து ஒரு சொட்டு தொட்டியில் விழுந்தது. இல்லை என்று அரையங்குலம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் முன்னறையில்தான் இருந்தார்கள்.

“ஆமாங்க. அதான் சொன்னாரு,” என்றாள் அரையங்குலம். அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. “சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உதட்ட ஒரு பக்கமா இழுத்துச் சிரிப்பாருல்ல, அப்படி.”

நாத்தனாருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஆமாம்மா, ஆமா. சின்னதுலேருந்தே அவன் அப்படித்தான் சிரிப்பான்,” என்று அரையங்குலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள்.

அவள் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஒரு பக்கமாக இழுத்து. அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. டிவி பார்த்துச் சிரிப்பார். பேரன் பிறந்தபோது சிரித்தார். அப்போதெல்லாம் உதடு எந்தப் பக்கம் போனது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. திரும்பிப் போய் அவர்களிடம் கேட்கவும் முடியாது.

வாசலில் வண்டி பின்னோக்கி வந்து நின்றது. மகன் ஆட்களோடு உள்ளே வந்தான். அவள் அவரைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, தூக்கலாமா?”

“கொஞ்சம் இரு,” என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். உதட்டின் வலது ஓரத்தைப் பார்த்தாள். பிறகு இடது ஓரத்தை.