பல்வலிக்குப் போட்டது

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு காலை நேரத்தில் கொத்தனார் முனிராஜை மைசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம்; வீட்டில் பேசுவது தமிழ். கூட வந்த மனைவி மாரக்காளைச் சித்தாள் என்று நினைத்து, கலவை ஏன் வரவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

டியூட்டி டாக்டர் பசவராஜ் முதலில் சாராய வாடை அடிக்கிறதா என்று பார்த்தார். இல்லை. காய்ச்சல் இருந்தது. மூச்சு வேகமாக இரைத்தது. ஆனால் நெஞ்சில் சளி இல்லை. மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி, ஆளை அடக்க ஒரு ஊசி எழுதினார்.

நர்ஸ் சுந்தராம்பாள் ஊசியில் மருந்தை ஏற்றினார்; முனிராஜ் கத்துவதைக் கேட்டு, போடாமல் நின்றார். கொள்ளேகால்காரரான அவருக்கு மட்டும்தான் அங்கே தமிழ் புரிந்தது.

"அந்த மெஷினை நிறுத்துங்கடா! காதுக்குள்ள ஓடுது!" என்று கத்தினார் முனிராஜ். அங்கே மெஷின் எதுவும் ஓடவில்லை.

முன்பு குழந்தைகள் வார்டில், மூட்டுக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைகள் காது இரைகிறது என்றால் டாக்டர்கள் உடனே மாத்திரையைக் குறைப்பார்கள். சுந்தராம்பாளுக்கு அது ஞாபகம் வந்தது.

"ஏனுங்கம்மா, மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"இல்லீங்க. மாத்திரையே தொடமாட்டாருங்க."

"வலி கிலின்னு?"

"பத்து நாளா பல்வலிங்க. அதுக்கு ஆஸ்பிரின் போடுவாருங்க."

"அது மாத்திரை இல்லீங்களா?"

"அது பல்வலிக்குப் போடறதுங்க. டீ குடிக்கறப்பல்லாம் ரெண்டு."

"எத்தனை டீ?"

"எட்டு, பத்து ஆகுமுங்க. நாந்தான் கடையில வாங்கிக் குடுப்பேன்." சொல்லும்போதே மாரக்காளின் குரல் இறங்கியது.

சுந்தராம்பாள் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். பசவராஜ் கேட்ட முதல் கேள்வி, "ஊசி போட்டாச்சா?" என்பதுதான்.

"இல்லை சார்."

"போடாதீங்க. ஊசி மூச்சை அடக்கிடும். ரத்தத்துல ஏறின அமிலத்தைக் குறைச்சு, அந்த மூச்சிரைப்புதான் ஆளைக் காப்பாத்திட்டிருக்கு."

லேபில் சிறுநீரைக் கொதிக்கவைத்து மருந்து இரண்டு சொட்டு விட்டார்கள். நாவல்பழ நிறத்துக்கு மாறியது. ஆஸ்பிரின்தான். குளுக்கோஸும் சோடா உப்பு மருந்தும் ஏற்றினார்கள். ஏறிய விஷம் சிறுநீரில்தான் இறங்க வேண்டும்; அதற்குச் சிறுநீர் காரமாக மாற வேண்டும். மணிக்கொரு தடவை சிவப்பு லிட்மஸ் காகிதத்தை அதில் நனைத்து, நீலமாகிறதா என்று பார்த்தார் சுந்தராம்பாள். சாயங்காலம் காகிதம் நீலமானது.

மறுநாள் ரவுண்ட்ஸில் பசவராஜ் நன்றி எதுவும் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்ததாகவும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில், 'நர்ஸ் விசாரித்ததில் தெரிந்தது' என்று எழுதியிருந்தார்.

மத்தியானம் முனிராஜ் தெளிந்து, கட்டிலோரம் அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, ஆருக்கு என்ன ஆச்சு?"