கொளஞ்சியப்பன் கடை பாரிஸ் செண்டு

அரியலூர் ரயிலடிக்கு எதிரே கொளஞ்சியப்பன் வைத்திருந்த சீமைச் சாமான் கடையில் பட்டுக் கைக்குட்டை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, ஸ்படிகக் கிண்ணம் எல்லாம் கிடைக்கும். ஆனாலும் அவரைப் பெரிய முதலாளி ஆக்கியது பாரிஸ் செண்டுதான். சந்தன நிறப் பெட்டி, பொன்னெழுத்து, சிவப்பு ரிப்பன், மேலே அரக்கு முத்திரை. உடையார்பாளையத்துப் பண்ணைக்காரர்கள் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோனால் அந்தப் பெட்டி வைத்த தட்டுதான் முன்னால் போகும்.

சீமையில் சண்டை வந்து கப்பல் நின்றது. சரக்கு தீர்ந்த அன்று, கல்லாவில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷத்தில் வாசனை நன்றாக இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. பக்குவமாக விசாரித்தார். யாரும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. முத்திரை போனால் மதிப்பு போச்சு. சீராக வந்த பெட்டி கண்ணாடி பீரோவில் உட்கார்ந்திருந்து, அந்த வீட்டுப் பெண் வயசுக்கு வந்து கல்யாணமானால் மறுபடி தட்டேறும்.

அப்புறம் கப்பல் எதற்கு? பெட்டியைத் திருச்சியில் செய்யச் சொன்னார். கனத்துக்கு, ஓடையில் கிடக்கும் நத்தைக் கல்லைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்தார். கல்லில் சங்கும் சிப்பியும் அச்சாகப் பதிந்திருக்கும். ஒரு காலத்தில் அரியலூரே கடலாகக் கிடந்ததாம். கல் பொறுக்க வந்த துரை ஒருவர் சொன்னது. ஆகையால் "கடல் சரக்குங்க" என்று கொளஞ்சியப்பன் விற்றதில் பொய் கிடையாது.

வினை பெரம்பலூரில் வந்தது. சாமிதுரை மகள் கல்யாணத்தில் தாலி ஏறிய கையோடு, மாப்பிள்ளையின் அத்தை உண்ணாமலை பந்தல் நடுவே சாய்ந்தாள். பெண் வீட்டார் சந்தனம் கொடுக்கும்போது அவளைத் தாண்டிப் போனதைப் பலரும் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் மயக்கம் மயக்கம்தானே. தண்ணீர் தெளித்தும் அசையவில்லை.

"சீர்த் தட்டுல இருக்குற அந்தச் செண்டைப் பிரிங்கப்பா. மூக்குல காட்டுனா எந்திரிச்சிரும்" என்றார் சாமிதுரை.

முன்வரிசை நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கொளஞ்சியப்பனுக்குத் தாடை நின்றது. இங்கே கல் வெளியே வந்தால் பொழுது சாய்வதற்குள் ஜெயங்கொண்டம் வரை ஒரு பீரோ பாக்கியில்லாமல் திறந்துவிடுவார்கள். பிறகு கடை ஏது, முதலாளி ஏது.

"நகருங்க, நகருங்க. தெரியாதவங்க தொறந்தா காத்துல போயிரும்" என்று பெட்டியைப் பிடுங்கினார். துண்டால் மூடி முத்திரையை உடைத்தார். பஞ்சோடு கல்லைக் கைக்குள் பொத்தி அவள் மூக்கருகே நீட்டி, குனிந்து காதோரம் சொன்னார்:

"அக்கா, எந்திரிச்சிருங்க. வூட்டுக்கு ஒரு பெட்டி அனுப்புறேன்."

உண்ணாமலை ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். விரலிடுக்கில் கல்லைப் பார்த்தாள்.

"இது எங்க மாட்டுக் கொட்டாயிலயே கெடக்கு. நீயே வச்சுக்க" என்றாள், உதடு அசையாமல். "எனக்கு முன்வரிசையில நாக்காலி வேணும்."

"இப்பவே போடச் சொல்றேன்."

"இங்க மட்டுமில்ல. நீ போற கல்யாணம் எல்லாத்துலயும்."

"ஆகட்டும்க்கா."

அவள் எழுந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "என்ன வாசன. அடிவயிறு வரைக்கும் போவுது."

பின்வரிசையில் ஒருவருக்கு மனோரஞ்சிதம் அடித்தது. சமையல்காரர் வெளியே வந்து தாழம்பூ என்றார். ஒரு மாதமாக மூக்கடைத்துக் கிடந்த சாமிதுரை, இரண்டும் இல்லை, இது பாரிஸேதான் என்று தீர்த்துச் சொன்னார்.

அதன்பின் எந்தப் பந்தலிலும் கொளஞ்சியப்பனுக்குப் பக்கத்து நாற்காலி உண்ணாமலைக்கு. சந்தனத்தை முதலில் அவளுக்கே கொடுத்தாலும், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, தவறாமல் மயங்கினாள். அவள் மயங்காத கல்யாணத்தில் சீர் குறைச்சல் என்று பேச்சு வந்தது.

சண்டை ஓய்ந்து கப்பல் வந்தது. அசல் பாரிஸ் செண்டும் வந்தது. கொளஞ்சியப்பன் மனச்சாட்சிக்குப் பயந்தவர். செட்டிகுளம் கல்யாணத்தில் அசல் புட்டியையே திறந்து உண்ணாமலை மூக்கில் காட்டினார்.

பொய்யாகச் சாய்ந்திருந்தவள் நிஜமாகவே மயங்கிப்போனாள். தண்ணீர், விசிறி, வெங்காயம், எதற்கும் அசையவில்லை. வேறு வழி தெரியாமல், மடியில் இருந்த பழைய நத்தைக் கல்லை எடுத்துக் காட்டினார். உடனே கண் திறந்தாள்.

"தம்பி, இதுதாண்டா செண்டு. அந்தக் கருமத்தக் கப்பல்லயே திருப்பி அனுப்பு" என்றாள்.

அனுப்பிவிட்டார்.