கேள்வி ஒண்ணும் இல்லையே?

மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "பார்மசிஸ்ட்கிட்ட கேக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். அது சட்டம். எங்கள் கடையில் "கேள்வி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்போம். அது ட்வைலா.

உதவியாளர்களில் ட்வைலாதான் மூத்தவர். நான் சேர்ந்த அன்றே எனக்கு இதைப் பழக்கிவிட்டார். கடைசி வார்த்தையில் குரலை இறக்க வேண்டும். அதே சமயம் தலையை இடமும் வலமுமாக, தெரிந்தும் தெரியாமலும் ஆட்ட வேண்டும். விரல் முன்பே 'இல்லை' பொத்தான்மேல் இருக்க வேண்டும்.

"அவங்களுக்கு ஒரு கேள்வியும் இருக்காது, கண்ணு. நாம அதை ஞாபகப்படுத்துறோம், அவ்வளவுதான்."

யாராவது தவறிப்போய் 'இருக்கு' என்று சொல்லிவிட்டால், உள்ளே மாத்திரை சரிபார்த்துக்கொண்டிருக்கும் கொரின் வெளியே வந்து பேச வேண்டும். கொரின்தான் பார்மசிஸ்ட். அவர் பேசப் பேச, காரில் இருந்தபடியே மருந்து வாங்குகிற ஜன்னலுக்கு வெளியே வரிசை நீளும். காத்திருக்கும் நேரத்தைக் காட்டுகிற, தலைக்கு மேலுள்ள திரை பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் மாறும். சிவப்பானால் மாவட்ட மேலாளர் டாட் ஃபோன் செய்வார். அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சிவப்பு மட்டும் அவருக்குத் தெரியும்.

எனக்கு இந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. பதிலும் சேர்ந்தே வருகிற கேள்வி என்றால் கேட்டுவிடுவேன்.

அந்தப் பிப்ரவரியில் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. உயிர்வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் ஊரான டோலிடோவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பட்டம் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. ஒரு பக்கம் மருந்தியல் கல்லூரி. நான்கு வருடம் படித்தால் கொரின் ஆகலாம். இன்னொரு பக்கம் ஊருக்கு வெளியே இருக்கும் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலையின் ஆய்வகம். நாள் முழுக்க வினிகரின் புளிப்பை அளக்கலாம். வினிகர் திருப்பிப் பேசாது. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா எனக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மாமாவிடம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"நடீன் டாக்டராகப் போறா."

"பல்லா, மாடா?" என்றார் ரஸ் மாமா.

"மருந்து. இப்பல்லாம் அவங்களுக்கும் டாக்டர் பட்டம்தான்."

"ஓ. மாத்திரை எண்ணுறவங்க."

"டாக்டர் நடீன் வார்கோ," என்றார் அம்மா, மாமா பேசியதே காதில் விழாத மாதிரி. "சொல்லிப் பாரேன், எவ்வளவு நல்லா இருக்கு."

கொரினை யாரும் டாக்டர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏம்மா", "ஹலோ", "இன்னும் எவ்வளவு நேரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுக் குரல் மட்டும் "வணக்கம், டாக்டர் ஹாஸ்" என்று சொல்லிவிட்டு, அவரை நாற்பது நிமிடம் இசை கேட்க வைக்கும்.

கல்லூரியில் நேர்காணல் என்று கூப்பிட்டிருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்திலேயே என் கையில் ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், கல்லூரி முத்திரை போட்ட உதட்டுக் களிம்பு எல்லாம் வந்துவிட்டன. கொரின் அங்கே படித்த காலத்தில் ஒரு இடத்துக்கு ஐந்தாறு பேர் மோதினார்களாம். இப்போது காத்திருப்பு அறையில் காலி நாற்காலிகள் மோதிக்கொள்ளாமல் வசதியாக இருந்தன.

டீன் பிரெஸ்காட் உயரமானவர், சிரித்த முகம். "ஏன் மருந்தியல்?" என்று கேட்டார்.

"மக்களுக்கு உதவலாம்னு."

இதற்கு முன் யாருமே சொல்லாத பதில் என்பதுபோல் குறித்துக்கொண்டார். கரிம வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து, "அருமை" என்றார். அது அவ்வளவு அருமையான மதிப்பெண் இல்லை. கடைசியில் பேனாவை மூடினார்.

"சரி, நடீன். எங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணும் இல்லையே?"

குரல் கடைசி வார்த்தையில் இறங்கியது. தலை, தெரிந்தும் தெரியாமலும், இடமும் வலமுமாக ஆடியது.

எங்கோ பார்த்த ஆட்டம். ட்வைலாவுக்கும் இவருக்கும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது. என் வயிற்றில் ஒரு கேள்வி இருந்தது, அதற்கு இன்னும் வார்த்தை வரவில்லை. "இல்லை" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இடம் கிடைத்த செய்தி வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் வென்டெல் குரோ காரை ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். கொழுப்பு மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிற பெரியவர். பையைக் கொடுத்தேன், விரல் பொத்தானுக்குப் போனது. அப்போது டீனின் தலை ஞாபகம் வந்து, என் தலை ஆடாமல் நின்றுவிட்டது. வாயில் பழகிய வாக்கியமும் வரவில்லை. சட்டத்தில் இருக்கிறதுதான் வந்தது.

"பார்மசிஸ்ட்கிட்ட கேக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

குரோ எஞ்சினை அணைத்தார்.

"அதான் பாரும்மா, இந்தத் தொடை ரெண்டும் ஒரு மாசமா வலிக்குது. வாசல்ல பனி வாரினதாலன்னு நெனச்சேன். அதையெல்லாம் அவங்ககிட்ட கேக்கலாமா?"

பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்தது. ட்வைலா மெல்லிய குரலில், "என்ன பண்ணி வச்சிருக்க, கண்ணு" என்றார்.

கொரின் வந்தார். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். வலி எப்போது ஆரம்பித்தது, புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள், சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவசரமே இல்லை. திரை மஞ்சளானது.

"புதுசா ஒண்ணுமில்லை. கிரேப்ஃப்ரூட்தான். பேத்தியோட ஸ்கூல் பேண்டு குழுவுக்குப் பணம் திரட்ட பழப்பெட்டி வித்தாங்க. ரெண்டு பெட்டி வாங்கினேன். தினமும் காலையில ரெண்டு சாப்பிடுறேன்."

"அந்தப் பழத்தை இன்னையோட நிறுத்துங்க. இந்த மாத்திரையோட அது சேரக் கூடாது, மருந்து உடம்புல தங்கிப்போயிடும். உங்க டாக்டரை நான் இப்பவே கூப்பிடுறேன், ரத்தம் பாக்கச் சொல்வாங்க. அவர் சொல்ற வரைக்கும் மாத்திரையையும் தொடாதீங்க."

"இன்னும் ஒரு பெட்டி முழுசா இருக்கே."

"பேண்டு மாஸ்டருக்கே குடுத்துடுங்க."

குரோ சிரித்தார். திரை சிவப்பானது. குரோ கிளம்புவதற்குள் டாட் கூப்பிட்டுவிட்டார். கொரின் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மருத்துவரின் எண்ணை இன்னொரு ஃபோனில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"கொரின், ஜன்னல்ல என்ன நடக்குது?"

"ஒருத்தர் கேள்வி கேட்டார், டாட்."

"ஏன்?"

அதற்குள் இன்னொரு ஃபோனில் மருத்துவர் கிடைத்துவிட்டார்; கொரின் அவரிடம் பேசப் போனார். கொரினின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத நிறம் ஒன்று வந்திருந்தது. காய்ச்சல் விட்டவர்களுக்கு வருமே, அந்த மாதிரி.

வரிசை குறைந்தபின் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"காலேஜ் கடைசி வருஷத்துல ஒரு மாசம் விஷ உதவி மையத்துல பயிற்சிக்குப் போனேன்," என்றார். "ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும். குழந்தை சோப்பைத் தின்னுடுச்சு, அப்பா நாயோட மாத்திரையை முழுங்கிட்டார், நாய் அப்பாவோட மாத்திரையை முழுங்கிடுச்சு. நாள்பூரா கேள்விதான். கேள்வி ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு எவனும் ஃபோன் பண்ண மாட்டான் பாரு."

"அங்க பார்மசிஸ்ட்தான் பேசுவாங்களா?"

"பாதிப் பேர் பார்மசிஸ்ட்தான். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. உனக்குன்னே பண்ணின மாதிரி."

"நீங்க ஏன் அங்க சேரலை?"

"இங்க சீக்கிரம் வேலை குடுத்தாங்க. சேரும்போது, கேள்வி ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாங்க." தோளைக் குலுக்கினார். "இல்லைன்னேன்."

அப்போதுதான் என் வயிற்றிலிருந்த கேள்விக்கு வார்த்தை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை, கடையின் பின்னறையில் யாரோ சூடாக்கிய வெங்காய சூப் வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது கல்லூரியிலிருந்து ஷெல்பி என்ற பெண் கூப்பிட்டாள். சேர்க்கைப் பிரிவாம். குரலில் சர்க்கரை.

"அப்ப உங்க இடத்தை உறுதி பண்ணிடலாம், நடீன். கேள்வி ஒண்ணும் இல்லையே?"

என் தலை தானாகவே இடமும் வலமுமாக ஆடியது. ஃபோனுக்கு அது தெரியாது. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"இருக்கு," என்றேன்.

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம். பயிற்சியில் இந்தப் பகுதியை அவளுக்குச் சொல்லித்தரவில்லை போல.

"விஷ உதவி மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புறீங்களா?"

"நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு என்னை இசையில் விட்டாள். திரும்பி வந்தது டீன் பிரெஸ்காட்டே.

"நடீன். முன்னாடி அனுப்பினோம். மாணவர்கள் யாரும் கேக்கலை. அதனால நிறுத்திட்டோம்."

யாரும் கேட்கவில்லை. அது எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். வருடம் முழுக்க அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"நான் கேக்குறேன்," என்றேன். கடைசி வார்த்தையில் என் குரல் இறங்கவில்லை. "அனுப்புவீங்கன்னா சேர்றேன். இல்லன்னா இன்னிக்கு எனக்கு இன்னொரு இடத்துலயும் பதில் சொல்லணும்."

"வேற காலேஜா?" அவர் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

ஊறுகாய் என்று நான் சொல்லவில்லை.

காலி நாற்காலிகள் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். நான் சேர்கிற வருடத்திலேயே அந்தப் பயிற்சியைத் திரும்பத் தொடங்குவதாகச் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றேன். பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. கடையில் யாருடைய மருந்தும் இத்தனை வேகமாகத் தயாரானதில்லை.

ஊறுகாய்த் தொழிற்சாலைக்கும் ஃபோன் செய்து, வரவில்லை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்கள். அவர்களிடம்தான் எவ்வளவு நிம்மதியாகப் பேச முடிகிறது.

பின்னறையிலிருந்து வந்ததும் ட்வைலா கேட்டார்: "என்ன கண்ணு, டாக்டரா, ஊறுகாயா?"

"டாக்டர்."

"போச்சுடா," என்றார் கொரின், மாத்திரைத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, "ஜன்னல்ல ஆள் நிக்குது" என்றார்.

போனேன். கடும் இருமலோடு ஒரு பெண். பையைக் கொடுத்தேன். தலையை ஆட்டாமல் நின்று கேட்டேன். அவளுக்குக் கேள்வி இருந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவருக்கும் இருந்தது.

டாட்டின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.