ஒரு பேருக்கு இரண்டு பேர்

வண்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்குள் பூனை தன் பெயரைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

மகள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே கீழ்வீடு காலியாகியிருந்தது. அப்பா அங்கே வந்துவிடுவார். அவர் வீட்டு முன்னறையில் நடத்திவந்த மூக்குக்கண்ணாடிக் கடையை வேறொருவர் எடுத்துக்கொள்வார். சாமான் வண்டியில் போகும், பூனை கூடையில் போகும். இடித்தது அந்தக் கடைசி இடம்தான். சத்தம் கேட்டால் வெளியே பாய்ந்துவிடும் பூனை அது. எந்தச் சுவரில் இருக்கும், எந்தக் கூரையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"கூப்பிட்டா வராத பூனைய எப்படிப்பா கூட்டிட்டுப் போறது?" என்றாள் மகள் தொலைபேசியில்.

"வரும்மா."

"எப்போ? அது வர்ற வரைக்கும் வண்டிக்காரர் தவம் கிடப்பாரா? முதல்ல அதுக்கு ஒரு பேர் வைங்க. சின்னதா, கூப்பிட வசதியா. சிட்டுன்னு வைங்க. பேரைச் சொல்லணும், உடனே தீனி போடணும். பேரு, தீனி. பேரு, தீனி. அவ்வளவுதான்."

பூனைக்கு இதுவரை பெயர் இருந்ததில்லை. குட்டியாக வந்து அடுப்படியில் ஒண்டிக்கொண்டதை வளர்த்தவள் அவர் மனைவி. ஏன் பெயர் வைக்கவில்லை என்று அவரும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் பொறுமைக்காரர். லென்ஸின் விளிம்பைக் கொஞ்சம் தேய்ப்பார், சட்டத்தில் பொருத்திப் பார்ப்பார், எடுத்து மறுபடி கொஞ்சம் தேய்ப்பார். அவசரப்பட்டால் உடைந்துவிடும். பூனையிடமும் அப்படித்தான் இறங்கினார். தரையில் உட்கார்ந்து, தீனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "சிட்டு" என்றார். பூனை டப்பாவைப் பார்த்தது. ஒரு தீனி வில்லை போட்டார். தின்றது. "சிட்டு." டப்பாவைப் பார்த்தது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு மறுபடி சொன்னார். பூனை சுற்றிவந்து முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

"இப்ப புரியுதா?" என்று கேட்டார், கண் பரிசோதிக்கும்போது ஒவ்வொரு லென்ஸாக மாற்றிக் கேட்கும் அதே குரலில். "இப்ப?"

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, பள்ளிக்கூடம் நடக்குதா?"

"பேர் சொல்லித் தர்றேன். சிட்டுன்னு."

"பூனைக்குப் போய்க் குருவி பேரா? எலின்னு வைங்கண்ணே, ஓடி வரும்."

அவர் சிரித்தார். சிரித்து நாளாகிவிட்டதால் அது தொண்டையில் கொஞ்சம் இடறியது.

நாள்கள் போயின. பாத்திரங்கள் பெட்டிக்குள் போயின. அலமாரிகள் காலியாகக் காலியாக வீட்டில் குரல் எதிரொலிக்கத் தொடங்கியது. "சிட்டு" என்று அவர் ஒருமுறை சொன்னால் வீடு இன்னொருமுறை சொன்னது. பூனை இருவரையும் மதிக்கவில்லை. காதை மட்டும் ஒருமுறை மடக்கி விரிக்கும். பெயர் காது வரை போய்த் திரும்பிவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது. குற்றம் தன் குரலில்தான் இருக்கும் என்றும் தோன்றியது. அவர் யாரையும் கூப்பிட்டுப் பழகியவர் இல்லை. இந்த வீட்டில் அவர் கூப்பிடப்பட்டவர்.

சனிக்கிழமை மாலை. கட்டி வைத்த பெட்டியின் மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாக மிச்சமிருந்த திருப்புளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகத் தையல்கார அக்கா தன் புருஷனை அழைப்பது கேட்டது.

"என்னங்க!"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். ஒரு கணம்தான். நமக்கு இல்லை என்று தெரிந்து தலையைக் குனியப்போனபோது பார்த்தார்: பூனையும் நிமிர்ந்திருந்தது. இரண்டு காதும் விறைத்து நிற்க, அது பார்த்தது ஜன்னலை அல்ல, அடுப்படியை.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூனையும்.

மனைவி இருந்தவரை, "என்னங்க, சாப்பிட வாங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அவர் முன்னறையிலிருந்து எழுந்து போவார். போய்ச் சேரும்போது பூனை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும். வாசனை பிடித்து வருகிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். மனைவி சிரிப்பாள்: "ஒரு பேருக்கு ரெண்டு பேரு வர்றீங்க." அதையும் வெறும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். அவள் அவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்தான் அவருக்குப் பெயர். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் பூனைக்கும் சோறு வந்தது. பேரு, தீனி.

அது பெயரில்லாத பூனை இல்லை. அதன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போயிருந்தது.

அப்போதே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம். வாய் வரவில்லை. அது அவள் வாயில் இருந்த சொல். தானே எடுத்துச் சொல்லிவிட்டால், இனி வேறு யாரும் அதைத் தனக்குச் சொல்லப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். திருப்புளிகளைக் கட்டி முடித்தார். விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் வண்டி வந்தது. மகளும் அதிலேயே வந்திறங்கினாள். சுமை தூக்குபவர்கள் இரும்பு அலமாரியைத் தரையில் இழுத்த முதல் இழுவைக்கே பூனை ஜன்னல் வழியாகப் பாய்ந்தது. சாமான் எல்லாம் ஏறி, கயிறு கட்டியாயிற்று. பூனையைக் காணோம்.

மகள் தெரு நெடுக "சிட்டு, சிட்டு" என்று போய்வந்தாள். டப்பாவைக் குலுக்கினாள். தெருமுனை நாய் வந்தது.

"ஐயா, மழை வர்ற மாதிரி இருக்கு. மேல தார்ப்பாய்கூட இல்ல" என்றார் வண்டிக்காரர்.

"அப்பா, கிளம்பலாம்ப்பா. நான் நாளைக்கு வந்து தேடறேன்." மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பூட்டிய வீட்டுக்கு அது திரும்பி வரும். அடுப்படி ஜன்னலில் ஏறி உட்காரும். எவ்வளவு நேரம் உட்காரும் என்று அவருக்குத் தெரியும். அவரே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் தெரு நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"என்னங்க."

பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் திரும்பினார். "சொல்லுங்கய்யா?"

"உங்கள இல்ல." இன்னும் சத்தமாக, "என்னங்க!"

எதிர்வீட்டு வாசலுக்குத் தையல்காரியின் புருஷன் கையில் பல்துலக்கியோடு ஓடிவந்தார். "என்ன, என்ன ஆச்சு?" அவர் பின்னால் வந்த அக்கா, "உங்கள நான் கூப்பிடலியே" என்றாள். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். சுமை தூக்குபவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவளுக்கும் தெரிந்த சொல். டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டாள்.

அவருக்குக் காது மடல் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொல்வது போலவே, முதல் சொல்லைக் கொஞ்சம் இழுத்து, மிச்சத்தை இறக்கிச் சொன்னார்.

"என்னங்க... சாப்பிட வாங்க."

தெரு சத்தமில்லாமல் இருந்தது. பிறகு, தையல்கார அக்கா வீட்டுத் தகரக்கூரையின் மேல் சின்னதாய் ஒரு தடதடப்பு.

பூனை சுவருக்கு இறங்கியது. சுவரிலிருந்து தெருவுக்கு. வாலை நேராகத் தூக்கிக்கொண்டு, வண்டியையும் ஆட்களையும் சட்டை செய்யாமல், நேராக அவரிடம் வந்தது. காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. அப்புறம் அவர் கால்களுக்கு அப்பால், திறந்து கிடந்த வீட்டுக்குள், அடுப்படிப் பக்கம் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

அவர் மெல்லக் குந்தினார்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார். "இனிமே நான்தான்."

மகள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பூனை யோசித்தது. பிறகு தலையைக் குனிந்து தின்றது.

"வாங்க, போகலாம்" என்று கூடையைத் திறந்தார். பூனையை அவரால் இனி ஒருமையில் பேச முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.