காய்ந்த துணி

அந்தக் குடியிருப்பில் அவனுக்குத் தங்கக்கம்பி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வார்கள், அவனும் கூச்சப்பட்டுச் சிரிப்பான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வயதானவர்களின் காதுமடலை இரண்டு விரலால் மெல்ல விலக்கி, வலிக்காமல் கண்ணாடியை மாட்டிவிடுகிற பக்குவத்தைப் பார்த்து வந்த பெயர் அது. ஊரே அவனை ‘அவர்’ என்றுதான் சொல்லும். எனக்கு அந்த மரியாதை வாயில் வர மறுக்கிறது, மன்னியுங்கள்.

அவன் மனைவி அந்தப் பெயர் காதில் விழுந்தாலே பேச்சை மாற்றுவாள். வெளியில் குழைந்து பேசிய அதே வாய் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னவாக மாறும் என்பது அவளுக்கும் சுவருக்கும்தான் தெரியும்.

அவனிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை அவனே அதற்கு மெழுகு பூசுவான், அதுவும் வெறும் உள்ளங்கையால். கைச்சூட்டில் மெழுகு இளகினால்தான் வண்ணத்தில் ஊறுமாம். அன்றைக்கு மட்டும் சீட்டியடித்துக்கொண்டு இருப்பான், வீட்டில் அடி விழாது. ஒரு மெழுகுக்கும் அடுத்த மெழுகுக்கும் நடுவில் அந்தப் பளபளப்பைக் காப்பாற்றும் வேலை முழுக்க அவள் தலையில்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தான். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை ஓடவிட வேண்டும். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். பஞ்சுக் கையுறையை ஷாம்பில் நனைத்து மேலிருந்து கீழே கழுவி, ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை அடியில் உதற வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துவட்டும்போது தடித்த துண்டை விரித்துப் போட்டு இழுக்க வேண்டுமே தவிர, தேய்க்கக் கூடாது. கடைசியில் பாட்டிலில் இருக்கும் மெழுகுத் தண்ணீரைப் பனி மாதிரி அடித்து ஒரு துடைப்பு. காக்கை எச்சம் விழுந்திருந்தால் அதை நனைத்து, மேலே ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: தூசி இருக்கும்போது காய்ந்த துணி காரைத் தொடவே கூடாது. தூசி உரசினால் வண்ணத்தில் மயிரிழைக் கீறல் விழும், கறுப்புக் காரில் அது வெயில் பட்டால் சிலந்திவலை மாதிரி எழுந்து நிற்கும்.

சும்மா சொல்லக் கூடாது, அத்தனையும் சரியான முறைதான். காரைப் பொறுத்தவரை அவனைப் போல நல்ல மனிதன் கிடையாது.

கழுவி முடித்ததும் சோதனை நடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானெட் மேல் தடவிப் பார்ப்பான். வெறும் கைக்குத் தெரியாத மண் துணுக்கு பைக்குள் இருக்கும் விரலுக்கு நறநறவென்று தெரியும். தெரிந்துவிட்டால் அந்தப் பையைக் கழற்றாமலேயே அறைவான். பிளாஸ்டிக் கன்னத்தில் சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும். மற்றபடி துணி மூடும் இடமாகப் பார்த்து, ஈரத்துண்டை முறுக்கி அடிப்பான். கீறல் விழாமல் வேலை செய்யத் தெரிந்தவன் ஆயிற்றே.

ஒருமுறை பொறுக்க முடியாமல் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “யாரு, நம்ம கண்ணாடிக்கடைக்காரரா? எங்க அம்மாவுக்கு அவர்தாம்மா கண்ணாடி போட்டுக் குடுத்தாரு. கோவத்துல வந்திருக்கீங்க, வீட்டுக்குப் போங்க” என்று தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றைக்கு வாங்கிய அடியில் அவளால் சில நாள் குனிந்து வாளியைத் தூக்க முடியவில்லை. கார் அழுக்கானது என்று அதற்கும் அடி விழுந்தது.

இப்படி இருக்கையில் அவளுடைய தம்பி வந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வேலை விஷயமாக வந்தவன் ஓர் இரவு தங்கினான். அக்கா தூங்கி எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தான். “என்னக்கா முதுகுக்கு?” என்றான். “கார் கழுவுறேன்ல, அதான்” என்றாள். பாதி உண்மைதான். பாசக்காரப் பயல் அதை அப்படியே நம்பி, அவள் சமையலறையில் இருக்கும்போது சத்தம் போடாமல் படியிறங்கிக் கார் ஷெட்டுக்குப் போய்விட்டான்.

அவள் பால் பாக்கெட்டை எடுக்க இறங்கியபோது ஷெட்டுக்குள் விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தம்பி தன் பழைய பனியனைச் சுருட்டி, தூசி படிந்த பானெட்டை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். வட்டம் வட்டமாக, சக்தியெல்லாம் கூட்டி. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

“பாருக்கா, எப்படி மின்னுது. இன்னிக்கு உனக்கு லீவு” என்றான்.

அவள் ஓடிப்போய்ப் பனியனைப் பிடித்து இழுத்தாள். “டேய், விடுடா. துணியக் கீழ போடு. பின்பக்கமா கிளம்பிப் போயிரு, பஸ் ஸ்டாண்டுல நில்லு, நான் பையக் கொண்டாறேன்.” அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைப்பதற்குள் தங்கக்கம்பி படியிறங்கி வந்துவிட்டான்.

வந்தவன் கோபப்படவில்லை. பானெட்டைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். வாசல் வெளிச்சத்தில் சிலந்திவலை முழுசாகத் தெரிந்தது. நிமிர்ந்து மச்சினனைப் பார்த்துச் சிரித்தான், திரும்பிப் போய் ஷட்டரை இழுத்து மூடினான்.

“காஞ்ச துணியா?” என்று கேட்டான்.

“தூசிதானே மாமா, சும்மா தட்டி...”

சக்கரம் கழற்றும் ஸ்பேனர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. தம்பி தள்ளாடி முன்னால் விழ, அவன் தலை பானெட்டில் மோதிக் குழி விழுந்தது, நெற்றி பிளந்து ரத்தம் கறுப்பு வண்ணத்தின்மேல் முத்து முத்தாக உருண்டது. மெழுகு அத்தனை நன்றாக இருந்தது. தங்கக்கம்பி உடனே அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி விலக்கினான். ஐயோ பாவம் என்று அல்ல. சட்டைப் பொத்தான் வண்ணத்தில் உரசும் என்று. தரையில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அப்புறம்தான் மறுபடி ஓங்கினான். விலாவில் ஓர் அடி. முழங்காலில் ஓர் அடி. ஒவ்வோர் அடிக்கும், “காஞ்ச துணி. காஞ்ச துணி” என்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். முழங்கையால் இடித்தான், உதடு கிழிந்து சுவரில் போய் விழுந்தாள். கத்தினாள். அந்த ஷட்டருக்கு வெளியே யாருக்குக் கேட்கும்? தம்பியின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தம்பி என்று கூப்பிட அவளுக்கு ஆள் இருக்காது. அவள் கை தரையைத் துழாவியபோது, துருவைச் சுரண்டும் கம்பி பிரஷ் அகப்பட்டது.

அதை எடுத்து அவன்மேல் எறியத்தான் நினைத்தாள். எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் காரிடம் போய், ஓட்டுநர் பக்கக் கதவில் பிரஷை அழுத்தி வைத்தாள்.

“இன்னொரு அடி விழுந்துச்சுன்னா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் இழுத்துருவேன்.”

ஓங்கிய ஸ்பேனர் அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் அவள் சொல்லி அவன் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

“வேண்டாம்மா” என்றான். அம்மா என்றான். “பிரஷ கீழ வை. பேசிக்கலாம்.”

“ஸ்பேனரப் போடு. ஷட்டரத் தூக்கு. சாவிய இங்க எறி.”

ஓர் அடி முன்னால் வந்து பார்த்தான். அவள் பிரஷைக் கொஞ்சம் இழுத்தாள். கறகறவென்று சத்தம் வந்ததும் தன்னையே அறுத்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் போனான். சொன்னதெல்லாம் செய்தான். தம்பி ஒரு கையால் ஊன்றித் தவழ்ந்து பின்சீட்டில் ஏறினான். அவள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, வலது கையால் பிரஷைக் கதவின் வெளிப்பக்கம் பிடித்தபடியே இடது கையால் வண்டியைப் பின்னால் எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் மினி லாரியை ஓட்டிய கை அது. அவன் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் வெளியேறும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “கேட்டுல உரசாமப் போ.”

மருத்துவமனையில் தம்பியைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டு போனார்கள். வாசலில் இருந்த போலீஸ் அறையின் காவலர் ஒருவர், நரைத்த மீசை, கோணலாக நிற்கும் கண்ணாடி, வந்து அவளிடம் விசாரிக்கத் தொடங்கினார். அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கக்கம்பி வாடகை வண்டியில் வந்து இறங்கினான். சட்டை மாற்றி, தலை வாரி, கையில் ஒரு பையோடு.

“குளியலறையில வழுக்கி விழுந்துட்டார் சார். இவ பயந்து போய் என்னென்னமோ பேசுறா. பிடிக்கப் போய் இவளுக்கும் உதட்டுல அடி.” சொல்லிக்கொண்டே காவலரின் முகத்தைப் பார்த்தான். “ஒரு நிமிஷம், தப்பா நினைக்காதீங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றி, கால்கம்பியை விரலால் லேசாக வளைத்து, ஊதித் துடைத்து மாட்டிவிட்டான். நேராக நின்றது. காவலர் இரண்டு முறை தலையை ஆட்டிப் பார்த்துக்கொண்டு, “அட” என்றார்.

போச்சு என்று நினைத்தாள். மறுபடியும் தேநீர்தான். மறுபடியும் வீடுதான். இந்தத் தடவை தம்பியும் அவளும் அதே வீட்டுக்கு, அதே ஷட்டருக்குள்.

அப்போதுதான் அவன் கையில் இருந்த பையைக் கவனித்தாள். அடிபட்டவனுக்கு மாற்றுத்துணி இல்லை அதில். மெழுகுத் தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு. அவன் கண் காவலரிடம் இல்லை, வாசலைத் தாண்டி வெயிலில் நின்ற காரின்மேல் இருந்தது. ரத்தம் காய்ந்தால் வண்ணத்தைத் தின்றுவிடும். அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“சார்” என்றாள். “குளியலறையில விழுந்தவன் தலை பட்டுக் கார்ல எப்படிக் குழி விழும்? வந்து பாருங்க.”

“ஏத்தும்போது சாஞ்சுட்டார் சார்” என்றான் அவன், உடனே. ஆனாலும் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். முற்றத்துச் செம்மண் பறந்து கார் முழுக்கப் படிந்திருந்தது. பானெட்டில் ரத்தம் ஓரங்களில் கறுத்து, நடுவில் பிசுபிசுத்துக் கிடந்தது.

“குழி எங்கம்மா? ஒண்ணும் தெரியலியே” என்றார் காவலர்.

“தூசி மூடியிருக்கு சார். தொடச்சுப் பாருங்க.”

அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. புலிக்கு வெள்ளாட்டைக் கொண்டுபோய்க் கட்டுகிற மாதிரி மனசு உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் சொன்னாள். காவலர் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

“தொடாதீங்க” என்றான் தங்கக்கம்பி, மெதுவாக. “நனைக்காமத் தொடாதீங்க சார். நான் பண்றேன்.”

“இருங்க சார், தூசிதானே.” காவலர் வட்டமாகத் தேய்த்தார். செம்மண் கரகரத்தது. போகவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

தங்கக்கம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் அந்த நரம்பை வருடக்கணக்காக அறிவாள், தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

அவன் காவலரை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் காரைவிட்டு விலக்கினான். பெல்ட் உரசும் அல்லவா. தள்ளிக்கொண்டு போய்த் தரையில் கிடத்திய பிறகுதான் முதல் குத்து விழுந்தது. தான் நேராக்கிய கண்ணாடியைத் தானே உடைத்தான். மூக்கு உடைந்தது. மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து மாறி மாறிக் குத்தினான். “காஞ்ச துணி” என்றான் ஒவ்வொரு குத்துக்கும். “காஞ்ச துணி. காஞ்ச துணி.” வரிசையில் நின்றவர்கள், மருந்துச்சீட்டோடு போனவர்கள், எல்லோரும் உறைந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் அவன் கடையில் வாங்கிய கண்ணாடிதான் போட்டிருந்தார்.

காவலாளிகளும் தள்ளுவண்டிக்காரர்களும் பாய்ந்து அவனை இழுத்தார்கள். நாலு பேர் தேவைப்பட்டது. கை முறுக்கப்பட்டுக் குப்புறக் கிடந்த நிலையிலும் கழுத்தைத் திருப்பிக் காரையே பார்த்தான். “பாட்டில் பையில இருக்கு, யாராவது நனைச்சு விடுங்க, காயப்போகுது” என்று கெஞ்சினான்.

காவலர் எழுந்து உட்கார நேரமானது. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். கையில் இன்னும் கைக்குட்டை இருந்தது, அதைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, அவளுடைய உதட்டைப் பார்த்தார்.

“சொல்லும்மா” என்றார். “முதல்லேர்ந்து சொல்லு.”

அவள் உட்கார இடம் தேடினாள். பிறகு தூசியும் மண்ணுமாக இருந்த பானெட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாள். அடியில் மண் கரகரத்தது. “இறங்குடி” என்று கீழேயிருந்து அவன் அலறினான். அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.