பதினொன்று ஐந்துக்கு வந்த அழைப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோய்க்கு லீவு கிடையாது. லிஃப்டுக்கும் கிடையாது, சொல்லப்போனால் எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் அது மக்கர் செய்யும். "ஃப்ரிட்ஜ் மேல நீங்க ஒட்டிட்டுப் போற சீட்டைப் பார்த்தாதான் எனக்குப் புருஷன் இருக்கிறதே ஞாபகம் வருது" என்பாள் அவள்.

அவர் கம்பெனி அந்த ஊரில் நாற்பத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டது. வார நாட்களில் ஆறு மெக்கானிக்குகள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருவர். அந்த ஞாயிறு இவருடைய முறை.

அன்று மகளுக்குப் பள்ளி மைதானத்தில் நானூறு மீட்டர் ஓட்டம். பன்னிரண்டு வயது. "நான் ஓடி நீங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லப்பா" என்று முந்தின நாள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அதுதான் அவரை என்னவோ செய்தது. மைதானம் ஊருக்கு நடுவில்தான் இருக்கிறது, எங்கிருந்து கூப்பிட்டாலும் கால் மணியில் போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வண்டியில் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு போனார்.

பதினொன்று ஐந்துக்குச் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. ஆபீஸ் நம்பர். பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். இரண்டு நிமிடம், ஓடி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு பெண் முன்னாலேயே பாய்ந்துவிட்டாள். எல்லோரையும் திரும்ப நிறுத்தினார்கள். விசில்காரர் யாரோடோ வாக்குவாதம் செய்தார். ஃபோன் மறுபடி அதிர்ந்தது. கடைசியில் ஓட்டம் தொடங்கி, மகள் மூன்றாவதாக வந்து, மூச்சிரைக்க ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் ஃபோனை எடுத்தபோது மணி பதினொன்றரை.

"எங்கண்ணே போனீங்க? மூணு தடவை அடிச்சிட்டேன்" என்றாள் புகார்களை வாங்கும் ஆபீஸ் பெண். "ஏழு மாடிக் கட்டடம். உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காராம்."

மகளை அவள் டீச்சரிடம் விட்டுவிட்டுப் பறந்தார். போய்ச் சேரப் பத்து நிமிடம்.

வாட்ச்மேன் வாசலிலேயே நின்றான். "மின்சாரம் ஒரு தடவை போய்ட்டு வந்துச்சு சார். அதுல நின்னுடுச்சு. மெக்கானிக் வராருன்னு கீழேருந்து கத்திச் சொன்னேன். பெரியவர் என்னமோ சொன்னாரு, தண்ணி மோட்டார் சத்தத்துல காதுல விழல."

நாலாவது மாடியில் சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தார். லிஃப்ட் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி நின்றிருந்தது. உள்கதவு இரண்டு விரல் அளவுக்குத்தான் விலகியது. உள்ளே கும்மிருட்டு. மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் விளக்கு எரிந்துபோயிருந்தது. அவசர விளக்கின் பாட்டரி எப்போதோ செத்திருந்தது.

"ஐயா, பயப்படாதீங்க. மெக்கானிக் வந்துட்டேன்."

"என்னை விடுப்பா." குரல் கம்மியிருந்தது. "ஆறாவது மாடியில என் சம்சாரம் தனியா இருக்கா. மூச்சுத் திணறல். மருந்து வாங்க இறங்கினேன். ஃபோனை மேலேயே வச்சிட்டேன். நீ முதல்ல அவளைப் பாரு."

அந்த இடுக்கு வழியாக ஒரு சாவி வெளியே நீண்டது.

மெக்கானிக் படிகளில் ஏறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார். வாட்ச்மேன் பின்னாலேயே வந்தான். ஆறாவது மாடிக் கதவைத் திறந்தார்கள். அந்த அம்மா கட்டிலில் இல்லை; வாசல்வரை வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாட்ச்மேனின் மேல் அவரை நிமிர்த்திச் சாய்த்தார் மெக்கானிக்.

"ஐயாவை இப்ப வெளிய எடுத்துடுவேம்மா. ஆம்புலன்ஸ் வருது."

அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள... லைட்டு எரியுதா? அவருக்கு... இருட்டு ஆகாது."

"எரியுதும்மா. நல்லா எரியுது."

அந்த அம்மா கையை விட்டார்.

மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினார். மெயினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாவது மாடிக்கு ஏற்றினார். இருபது வருடப் பழக்கம். கை தானாக வேலை செய்தது, மனசுதான் செய்யவில்லை. கதவைத் திறந்ததும் பெரியவர் நேராகப் படிகளில் ஏறினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அன்று மாலை ஏழு மணிக்கு மனைவி வீட்டுக்கு வந்தாள். கைகால் கழுவிவிட்டு, மகளின் வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள், சிரித்தாள். மகள் தூங்கப் போன பிறகு சொன்னாள்:

"இன்னைக்கு மனசே சரியில்லைங்க. மத்தியானம் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தாங்க. என்னென்னவோ பண்ணிப் பார்த்தோம். நாலு மணிக்குப் போயிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் அவங்க செருப்பைக் கையில வச்சுக்கிட்டே நின்னாரு. கடைசிவரைக்கும் கீழ வைக்கல. ஏதோ லிஃப்டுல மாட்டிக்கிட்டாராம்."

மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். மைதானம், ஃபோன், இருபத்தைந்து நிமிடம்.

"முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். தெரியாது." பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் பெண் படிவத்தை நீட்டினாள். அழைப்பு வந்த நேரம் பதினொன்று முப்பது என்று எழுதியிருந்தது. "நானே போட்டுட்டேண்ணே. யாரும் நோண்ட மாட்டாங்க." மெக்கானிக் அதை அடித்துவிட்டுப் பதினொன்று ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்த ஆறாவது மாடி வீட்டுக்குப் போனார். பெரியவர் தனியாக இருந்தார். மெக்கானிக் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"நான் முப்பத்தாறு வருஷம் ரயில்வே சிக்னல் கேபின்ல இருந்தவன்" என்றார். "ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இருக்கிறதே ரிட்டயரானப்புறம்தான் எனக்குத் தெரியும். அவ ஒருத்தியாவே நாலு பிள்ளைங்களை வளர்த்தா. நான் எந்தப் பிள்ளை ஓடியும் பார்த்ததில்ல." "ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா."

"நான் அதுக்கு வரலைங்க ஐயா. அம்மா ஒண்ணு கேட்டாங்க. அதைச் சொல்லாம இருக்க முடியல. லிஃப்டுக்குள்ள லைட்டு எரியுதான்னு கேட்டாங்க. உங்களுக்கு இருட்டு ஆகாதுன்னு."

பெரியவர் முகம் கோணிற்று. "நீ என்ன சொன்னே?"

"எரியுதுன்னு சொன்னேன்."

"நல்லது" என்றார். "நல்லது." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். மெக்கானிக் போகவும் இல்லை, தொடவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தார். அழுது ஓய்ந்த பிறகு பெரியவர் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை எத்தனை பேருப்பா டூட்டி?"

"நான் ஒருத்தன்தாங்க. நாற்பத்திரண்டு கட்டடம்."

"ஒரே ஆளா?" சிக்னல் கேபின்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கேபின்லகூட ரெண்டு பேர் இருந்தோம்."

பெரியவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். கட்டடத்துக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, லிஃப்டுகளைச் சோதிக்கிற அரசு அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினார். மெக்கானிக்கைத் திட்டி ஒரு வரி இல்லை; அவருக்கு வக்காலத்தும் இல்லை. நடந்தது நடந்தபடி. நான்கு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர் என்று உத்தரவு வந்தது. செத்த பாட்டரிகள் எல்லாம் ஒரே வாரத்தில் மாற்றப்பட்டன.

பெரியவர் இன்னும் அந்த ஆறாவது மாடியில்தான் இருக்கிறார். லிஃப்டில் ஏறுவதில்லை. மாதாந்திர சர்வீஸுக்கு மெக்கானிக் போகும் நாட்களில் சில சமயம் படிகளில் எதிர்ப்படுவார். நாலாவது மாடி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அவர் காய்கறிப் பையை மெக்கானிக் வாங்கிக்கொண்டு, அந்த மூச்சு நிதானத்துக்கு வரும்வரை பக்கத்தில் நிற்பார். பிறகு இருவரும் மிச்சமிருக்கும் மாடிகளை மெதுவாக ஏறுவார்கள்.