பட்டு வைத்த வால்வு

எங்காத்துக்காரர் சாம்பசிவன் மகா ஆசாரம். அதுல ஒரு சௌகரியம் உண்டு கேட்டேளா, ஆசாரம் அவருக்கு, அலைச்சல் எனக்கு. ஏழு வருஷம் கரமனை ஆத்துப் படித்துறையிலேருந்து குடம் குடமாத் தண்ணி சுமந்தது இந்த நாகலக்ஷ்மி. மழைக்காலம் வந்தா வலது தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அதனாலே கொல்லம் வருஷம் ஆயிரத்து நூத்திப் பன்னிரண்டு மேட மாசத்துல எங்காத்துக் கொல்லைக்குக் குழாய் வந்தப்போ, சத்தியமாச் சொல்றேன், நான் அழுதுட்டேன்.

மாட்டினது வேதமாணிக்கம்னு ஒரு மேஸ்திரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். குழாய்க்கு முன்னாடி பித்தளையில உருண்டையா ஒரு வால்வு வெச்சார். "இதுக்குள்ள ஒரு தோல் மூடி இருக்கு சாமி. தெருவுல இருந்து தண்ணி உள்ள வரும். உள்ள வந்தது திரும்பித் தெருவுக்குப் போகாது"ன்னார்.

இவர் காதுல விழுந்தது தோல்ங்கிற ஒரு வார்த்தைதான்.

மாட்டுத் தோல் பட்ட ஜலமா! சிவ சிவா! கொல்லையில குழாய் இருக்க, மூணு நாள் நான் மறுபடியும் படித்துறைக்கு நடந்தேன். நாலாம் நாள் நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, எங்கேயோ ஸ்பானர் இரவல் வாங்கி, வால்வைத் திறந்து, தோலை எடுத்து எறிஞ்சுட்டார். பதிலுக்கு என்ன வெச்சார் தெரியுமோ? பழைய பட்டு வேஷ்டியில ஒரு துண்டு, நாலா மடிச்சு! பட்டுக்குத் தீட்டு இல்லையாம். "இப்போ பரம மடியாக்கும்"னு பெருமை வேற. எனக்கென்ன தெரியும், தண்ணி வந்தாப் போறும்னு இருந்தேன்.

ஒரு மாசம் போச்சு. ஒருநாள் பசுவுக்குக் கழுநீர் கரைக்க, குழாயில ரப்பர் குழலை மாட்டி நுனியைத் தொட்டிக்குள்ள போட்டிருந்தேன். தவிடும் பிண்ணாக்குமாத் தொட்டி நிறைஞ்சிருந்தது. திடீர்னு தண்ணி நின்னுடுத்து. வரும்போது வரட்டும்னு அப்படியே விட்டுட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தா தொட்டி பாதி காலி! பசு குடிச்சுடுத்துன்னு அதைத் திட்டினேன். அது பாவம், அந்தண்டை கட்டுத்தறியில படுத்து அசை போட்டுண்டிருக்கு.

கொஞ்ச நேரத்துல அடுத்தாத்து சூடாமணி, நைவேத்தியத்துக்குத் தண்ணி பிடிக்கக் குழாயைத் திறந்திருக்கா. வெங்கலப் பானையில கொழகொழன்னு தவிடும் பிண்ணாக்கும் விழுந்திருக்கு. அவ போட்ட கூச்சல் ஆத்துப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்னிக்கே வாட்டர் ஒர்க்ஸுக்குப் புகார் போயிடுத்து.

மறுநாள் காலம்பற வேதமாணிக்கம் வந்து வால்வைத் திறந்தார். ஊறி நாறின பட்டை ரெண்டு விரலால பிடிச்சு வெளியில இழுத்தார். சிரிப்பை அடக்க அந்த மனுஷன் பட்ட பாடு!

"நேத்துத் தெருவுல வேலைன்னு மெயினை அடைச்சோம்மா. அந்நேரம் பைப்பு வீட்டுத் தண்ணியை உள்ள உறிஞ்சும். தோல் இருந்தா மூடிக்கிடும். பட்டு மூடுமா? உங்க கழுநீர் தெருப் பைப்புக்குப் போயி, அடுத்த வீட்டுல இறங்கிட்டு. நாலு மணிக்கு ஓவர்சியர் வாறாரு. தோல் இல்லன்னா கனெக்ஷனை வெட்டிருவாரு."

இவர் சொல்றார், "வெட்டட்டும்! ஆறு என்ன வத்தியா போச்சு?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுத்து. ஏழு வருஷத்துல ஒரு குடம், ஒரே ஒரு குடம் தூக்கியிருப்பாரா இந்த மனுஷன்?

"ஆறு வத்தலை. நான்தான் வத்திப் போயிட்டேன்"னேன். மேஸ்திரி பக்கம் திரும்பினேன். "மாட்டுத் தோல்தான் வேணுமோ?"

"எந்தத் தோலானாலும் சரிம்மா. எண்ணெயில ஊறப்போட்டு, ரெண்டா மடிச்சுத் தைச்சிரலாம்."

விறுவிறுன்னு பூஜை ரூமுக்குப் போனேன். இவர் தினம் உட்கார்ந்து ஜபம் பண்ற மான்தோலைச் சுருட்டிக் கொண்டுவந்து, கொல்லையில விரிச்சு, கத்திரியை எடுத்து நட்டநடுவுல ஒரு துண்டு வெட்டி எடுத்தேன்.

"அடியே!"ன்னு கத்தினார்.

"என்ன? மான்தோலுக்குத் தீட்டு உண்டோ? சொல்லுங்கோ."

விடுவிடுன்னு உள்ளே போனார். மேஸ்திரி தலையைக் குனிஞ்சுண்டு தைக்க ஆரம்பிச்சார்.

நாலு மணிக்கு ஓவர்சியர் வந்து சோதிச்சுப் பார்த்துட்டு, சரின்னு போயிட்டார். குழாய் தப்பிச்சுது. நான் அங்கேயே நின்னு, கைநிறையப் பிடிச்சுக் குடிச்சேன். அப்படி ஒரு ருசி!

சாயங்காலம் பூஜை ரூம்லேருந்து பரிதாபமா ஒரு குரல். "ஏண்டீ, நான் இனிமே எதுல உட்கார்ந்து ஜபம் பண்றது?"

"கொல்லையில வால்வு மேல ஏறி உட்காருங்கோ"ன்னேன். "ஆசனம் அங்கதான் இருக்கு."